பஸ் ஓட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை

நிரல் எழுதும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் யாராவது ஒருவர், சேர்ந்த சூட்டோடு என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறார். கணினிக்கு ஒவ்வொரு படியாக 'இதைச் செய், முடிந்ததும் அதைச் செய்' என்று எழுதுவது நல்லதா? அல்லது 'எனக்கு இது வேண்டும்' என்று மட்டும் அறிவித்துவிட்டு, வழியைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை அதனிடமே விட்டுவிடும் டிக்லரேட்டிவ் முறை நல்லதா?

வாடகைக் காரில் ஏறி "சென்ட்ரலுக்குப் போங்க" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியைப் பார்ப்பது இரண்டாவது வகை. பின்சீட்டிலிருந்து முன்னால் சாய்ந்து "அடுத்த சிக்னல்ல லெஃப்ட், சேலைக் கடை தாண்டி ரைட்" என்று கடைசி வரை சொல்லிக்கொண்டே போவது முதல் வகை. நான் இரண்டு விதமாகவும் பயணம் செய்திருக்கிறேன். இரண்டிலும் தப்பான இடத்தில் இறங்கியிருக்கிறேன். ஆகவே எது நல்லது என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

அப்போது நான் கிள்ளானில் ஒரு பஸ் நிறுவனத்தின் கணினிப் பிரிவுக்குத் தலைவி. பிரிவு என்றால் நானும் தர்ஷினியும். தொழிற்சாலை ஊழியர்களை விடிகாலையில் ஏற்றிக்கொண்டு போய், வேலை முடிந்ததும் வீட்டில் கொண்டுவந்து விடும் பஸ்கள் எங்களுடையவை. பந்திங்கிலிருந்தும் சுற்றியுள்ள, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துப் பக்கமிருந்தும் ஷா ஆலாம் வரை ஓடும். எந்த ஓட்டுநர் எந்த நாளில் எந்த பஸ்ஸை எடுக்க வேண்டும், யாருக்கு எந்த நாள் ஓய்வு என்று வாராவாரம் அட்டவணை போடுவது ஒரு பழைய நிரல். எனக்கு முன்பே வெளியார் யாரோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. 'இப்படி இருந்தால் அப்படிச் செய், இல்லையென்றால் அடுத்த ஆளைப் பார்' என்று மேலிருந்து கீழே ஓடும். பார்க்க அசிங்கமாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு வாரமும் கேட்ட நேரத்தில் அட்டவணையைக் கொடுத்துவிடும். ஒரு தடவைகூட முடியாது என்று சொன்னதில்லை.

அந்தச் சமயத்தில் எங்கள் இயக்குநர் கோலாலம்பூரில் ஒரு ஹோட்டலில் நடந்த கருத்தரங்குக்குப் போய்வந்தார். போனவர் பஸ் முதலாளி, வந்தவர் தத்துவஞானி. இனிமேல் இந்த நிறுவனத்தில் யாரும் யாரிடமும் 'எப்படி' என்று சொல்லக்கூடாது, 'என்ன' என்று மட்டும் சொல்ல வேண்டும் என்றார். அதுதான் டிக்லரேட்டிவ், அதுதான் எதிர்காலம் என்றார். தர்ஷினியைக் கூப்பிட்டு, அட்டவணை நிரலை அந்த முறையில் மாற்றி எழுதச் சொன்னார். எப்படி என்று அவள் கேட்டாள். அந்த வார்த்தைதான் இனிமேல் கூடாது என்றேனே என்று அவர் சிரித்தார்.

தர்ஷினி சாலாக் செலாத்தான் ஊர்க்காரி. கெட்டிக்காரி. விதிகளை மட்டும் கொடுத்தால், அத்தனைக்கும் பொருந்தும் அட்டவணையைத் தானே தேடிக் கண்டுபிடிக்கும் மென்பொருளை வைத்து அழகாகக் கட்டினாள். பழைய நிரல் பல பக்கம் ஓடும்; இவளுடையது ஒரே திரையில் அடங்கியது. 'ஒவ்வொரு பயணத்துக்கும் ஓர் ஓட்டுநர் இருக்க வேண்டும்' என்ற விதியை அவளே முதலில் எழுதிவைத்தாள். மற்ற விதிகளைச் சொல்ல வேண்டியவர்கள் துறைத் தலைவர்கள்.

அதற்காக ஒரு கூட்டம் நடந்தது. என் பணிக்காலத்திலேயே எல்லாரும் மகிழ்ச்சியாக இருந்த ஒரே கூட்டம் அதுதான். வேண்டியதைச் சொன்னால் போதும், செய்துகாட்ட வேண்டியதில்லை என்றால் யாருக்குத்தான் கசக்கும்? மனிதவளத் துறை, ஒவ்வோர் ஓட்டுநருக்கும் வாரம் ஒருநாள் முழு ஓய்வு கட்டாயம் என்றது. கணக்குத் துறை, ஓவர்டைம் அறவே கூடாது என்றது. வாடிக்கையாளர் துறை, எந்த பஸ்ஸும் தாமதமாக வரக்கூடாது என்றது. பட்டறை, எல்லா பஸ்களும் எப்போதும் கழுவித் துடைத்து இருக்க வேண்டும் என்றது. இயக்குநர் கடைசியாகப் பேசினார். தனக்கு ஒரு புகாரும் வரக்கூடாது. அவ்வளவுதான் தன் ஆசை என்றார். தர்ஷினி அத்தனையையும் எழுதிக்கொண்டு வந்து நிரலை ஓட்டினாள்.

'தீர்வு இல்லை' என்று வந்தது.

இயக்குநருக்கு அது அவமரியாதையாகப் பட்டது. மென்பொருளின் மனப்பான்மை சரியில்லை என்று நினைத்தார் போலிருக்கிறது. தர்ஷினி பொறுமையாக விளக்கினாள்: எல்லா விதிகளையும் ஒரே நேரத்தில் நிறைவேற்ற முடியாது, ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும், எதை என்று மனிதர்கள்தான் சொல்ல வேண்டும். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, 'தீர்வு கட்டாயம் இருக்க வேண்டும்' என்பதையும் ஒரு விதியாகச் சேர்க்கச் சொன்னார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தர்ஷினி என்னைப் பார்த்தாள். சேர்த்துவிடு என்றேன். மேலதிகாரியோடு எந்த இடத்தில் சண்டை போடுவது என்பதைத் தேர்ந்தெடுப்பதும் நம் வேலையில் ஒரு பகுதி. சேர்த்தாள். மறுபடியும் அதே பதில்தான்.

பிறகு, விதிகளை மீறலாம், ஆனால் ஒவ்வொரு மீறலுக்கும் அபராதப் புள்ளி உண்டு என்று மாற்றினோம். எந்த விதிக்கு எத்தனை புள்ளி என்பதைத் துறைத் தலைவர்களே முடிவு செய்யலாம். ஒவ்வொருவரும் தத்தம் விதிக்கு ஆக உயர்ந்த புள்ளியைப் போட்டுக்கொண்டார்கள். தர்ஷினி எழுதிய முதல் விதி மட்டும் கேட்பாரில்லாமல் கிடந்தது. பயணங்கள் நடந்தாக வேண்டும் என்பது எந்தத் துறையின் விதி? பட்டறை எங்களுடையது இல்லை என்றது. மனிதவளம் எங்களுடையது இல்லவே இல்லை என்றது. புள்ளி போடாமல் விட்டால் அந்த விதியே இல்லாத மாதிரிதான் என்று தர்ஷினி இயக்குநரிடம் சொல்லிப் பார்த்தாள். அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பஸ் ஓடணும்னு அதுக்கு நாம சொல்லணுமாம்மா? இது பஸ் கம்பெனின்னு அதுக்குத் தெரியாதா?"

தெரியாது என்றாள். அடுத்த வாரம் உட்கார்ந்து பேசலாம் என்றார். அதுவரை யாரும் எதையும் ஓட்ட வேண்டாம் என்று நான் எல்லாருக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். இயக்குநருக்கும்தான். ஆனால் அவர் ஆசைப்பட்டுக் கேட்டார் என்பதற்காக, அவருடைய கைப்பேசியில் ஒரு பச்சைப் பொத்தானை வைத்துக் கொடுத்திருந்தோம். அதைத் தொட்டால் நிரல் ஓடும். அட்டவணை எல்லா ஓட்டுநர்களின் கைப்பேசிக்கும் போய்விடும். பழைய நிரலை அந்தப் பொத்தானிலிருந்து எடுத்துப் புதியதை இணைத்து வைத்திருந்ததும் அவர் சொல்லித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை, தர்ஷினி பந்திங்கில் ஒரு கல்யாணத்தில் இருந்தாள். இயக்குநர் வீட்டில் சும்மா இருந்தார். பொத்தானைத் தொட்டார். நூற்றுக்கு நூறு என்று பச்சையில் வந்தது. ஒரு விதிகூட மீறப்படவில்லை. அந்தத் திரையைப் படம் பிடித்து, கைதட்டும் படங்களோடு அலுவலகக் குழுவில் போட்டார். துறைத் தலைவர்கள் வரிசையாக வாழ்த்துச் சொன்னார்கள். நான் அந்தக் குழுவைச் சத்தமில்லாமல் வைத்திருப்பேன், பார்க்கவில்லை.

மறுநாள் விடியும் முன்பே என் கைப்பேசி அடித்தது. ஒரு தொழிற்சாலையின் மேலாளர் பேசினார். பந்திங் சாலையோரத்தில் தங்கள் பெண்கள் கூட்டமாக நிற்கிறார்கள், ஒரு பஸ்ஸும் வரவில்லை என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அடுத்த தொழிற்சாலையின் அழைப்பு வந்தது. எங்கள் குழுவைத் திறந்து பார்த்தேன். புரிந்துவிட்டது.

அட்டவணை எல்லா ஓட்டுநர்களுக்கும் ஓய்வு கொடுத்திருந்தது. ஓவர்டைம் இல்லை. ஓடாத பஸ் தாமதமாக வராது. ஓடாத பஸ் அழுக்காகவும் ஆகாது. கேட்டவர்கள் கேட்டதையெல்லாம் அது கேட்டபடியே கொடுத்திருந்தது.

பிரிக்பீல்ட்ஸில் இருந்த என் வீட்டிலிருந்து கிள்ளான் டிப்போவுக்குக் காரை விரட்டிக்கொண்டு போனேன். தர்ஷினி எனக்கு முன்னால் வந்து, மடிக்கணினியை ஒரு பஸ்ஸின் முன்படியில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் வைத்த மருதாணி கையிலிருந்து இன்னும் உதிர்ந்து முடியவில்லை. விதியைச் சேர்த்து மறுபடி ஓட்டிவிடலாம், கொஞ்ச நேரம் போதும் என்றாள். தொலைபேசியில் இருந்த இயக்குநரும் அதையே சொன்னார். அதற்குப் புரியும்படி எடுத்துச் சொல்லுங்கள் என்றார்.

நான் வேண்டாம் என்றேன். சாலையில் ஆட்கள் நிற்கும்போது தேடிக் கண்டுபிடிக்கும் கருவியிடம் போய் நிற்கக்கூடாது. அப்போது அது எதைச் சொன்னாலும் சரிபார்க்க நமக்கு நேரம் இருக்காது. மடிக்கணினியை மூடச் சொன்னேன். வெள்ளைப் பலகையில் பயணங்களை எழுதினேன். தூரமாக இருப்பது முதலில். ஓர் ஓட்டுநரைக் கூப்பிடு. எடுத்தால் இந்த பஸ். எடுக்காவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடு. பழைய நிரல் செய்துவந்த அதே வேலை. அழகில்லை. ஆனால் ஒவ்வொரு படியிலும் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தது.

பெரும்பாலோர் கைப்பேசியை அணைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை எப்படிக் குறை சொல்வது? எதிர்பாராத ஓய்வு வந்தால் நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் டிப்போவில் ஏற்கெனவே ஒருவர் நின்றார். யோகேஸ்வரன். எல்லாரும் யோகேஸ் என்போம். சீருடை போட்டு, பஸ்ஸைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். ஓய்வு என்று செய்தி வரவில்லையா என்று கேட்டேன்.

"வந்துச்சு மேடம். எனக்கு ஓய்வுன்னு வந்தா அது தப்பாத்தான் இருக்கும்னு கிளம்பி வந்துட்டேன்."

அந்த வார்த்தையைப் பற்றி யோசிக்க அப்போது நேரமில்லை. அவரைப் பந்திங்குக்கு அனுப்பினேன். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் வந்தார்கள். வெயில் ஏறியபின்தான் கடைசி ஊழியர் தொழிற்சாலைக்குள் போனார். பிந்தி வந்ததற்காக அந்தப் பெண்களுக்கு நேரம் தவறாமல் வருவதற்காகத் தரும் வருகைப்படித் தொகை வெட்டப்படக்கூடாது, தவறு எங்களுடையது என்று தொழிற்சாலைகளுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று இயக்குநரிடம் சொன்னேன். அந்த நாளில் எனக்குக் குரல் உயர்ந்தது அந்த ஒரு இடத்தில்தான். எழுதிக் கொடுத்தார். கணினிக் கோளாறு என்று எழுதினார்.

பிறகு பயணங்கள் நடந்தாக வேண்டும் என்ற விதியை, மீறவே கூடாத விதியாகச் சேர்த்தோம். இந்த முறை அதற்குக் கீழே கையெழுத்துப் போட ஆள் கிடைத்தது. நிரல் மறுபடியும் பழைய பல்லவிக்கு வந்தது: எல்லாவற்றையும் நிறைவேற்ற முடியாது. ஆனால் தர்ஷினி இப்போது அதனிடமே காரணம் கேட்கும்படி செய்திருந்தாள். பதில் தெளிவாக இருந்தது. இருக்கும் பயணங்களுக்கு ஓர் ஓட்டுநர் குறைவு. அவ்வளவுதான்.

இயக்குநர் நம்பவில்லை. நியாயமாகவும் ஒன்று கேட்டார்: இதே ஆட்களை வைத்துப் பழைய நிரல் இத்தனை வருடம் எப்படி அட்டவணை போட்டது? எனக்கும் அது தெரிய வேண்டியிருந்தது. நானும் தர்ஷினியும் பழைய நிரலை ஒரு வரி விடாமல் படித்தோம்.

அது ஓட்டுநர்களின் பெயர்களை ஆங்கில எழுத்து வரிசையில் எடுத்துக்கொள்ளும். முதல் ஆளுக்கு ஓய்வு நாள் கொடுக்கும், அடுத்த ஆளுக்குக் கொடுக்கும், இப்படியே போகும். கடைசி ஆளிடம் வரும்போது கொடுப்பதற்கு நாள் எதுவும் மிஞ்சியிருக்காது. அப்படியானால் ஓய்வை விட்டுவிட்டு ஓவர்டைம் போடு என்று ஒரு வரி இருந்தது. அட்டவணை முடிந்தது என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். முன்பெல்லாம் அந்த வரி, இஸட் என்ற எழுத்தில் தொடங்கும் ஸைனல் என்ற ஓட்டுநர் மீது விழுந்தது. இடுப்பு போய் அவர் வேலையை விட்டதும், ஒய் என்ற எழுத்தில் தொடங்கும் யோகேஸ்வரன் மீது விழுந்தது.

நிறுவனத்தின் ஆண்டு விருந்தில் கடின உழைப்பாளி என்று ஒரு விருது உண்டு. கோப்பையும் பிஸ்கட் கூடையும் தருவார்கள். அதைத் தொடர்ந்து ஸைனல் வாங்கினார். பிறகு தொடர்ந்து யோகேஸ் வாங்கினார். சிலருக்கு உழைப்பு ரத்தத்திலேயே ஊறியது என்று ஒவ்வோர் ஆண்டும் மேடையில் இயக்குநர் பேசுவார். நாங்கள் கை தட்டுவோம்.

யோகேஸிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று இயக்குநர் கேட்டுக்கொண்டார். மனுஷன் சந்தோஷமாக இருக்கிறார், ஏன் கெடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் எங்கே போயின என்பது எனக்குத் தெரிந்து அவருக்குத் தெரியாமல் இருப்பது சரியில்லை என்று பட்டது. டிப்போ கேண்டீனில் அவரோடு உட்கார்ந்து, நிரல் என்ன செய்தது என்று நேராகச் சொன்னேன். பணம் வந்துகொண்டுதானே இருந்தது என்று அவர் சொல்வாரோ என்று எதிர்பார்த்தேன். அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே பேசினார்.

"கம்பெனிக்கு நான் இல்லாட்டி ஆகாதுன்னு வீட்டுல சொல்லி வெச்சிருக்கேன் மேடம். மக பட்டமளிப்புக்குக்கூட அதைச் சொல்லித்தான் போகல."

அவருக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லப்போய் இன்னொரு விருது கொடுத்துவிடக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். அவர் எழுந்து மாலைப் பயணத்துக்குப் போனார்.

இயக்குநர் ஒரு முடிவுக்கு வந்தார். புதிய நிரலை ஒதுக்கிவிட்டுப் பழையதையே மறுபடி ஓட்டச் சொன்னார். காரணத்தையும் மறைக்கவில்லை: "அது ஒரு நாளும் முடியாதுன்னு சொன்னதில்ல லா." தர்ஷினி அழுதுவிடுவாள் போலிருந்தது. வேலையை விட்டுவிடுகிறேன் என்றாள். நான் அவளிடம் ஒன்று கேட்டேன்: பழைய நிரலில் பெயர்களை எழுத்து வரிசையில் எடுக்காமல், ஒவ்வொரு வாரமும் குலுக்கிப் போட்டு எடுக்க எவ்வளவு மாற்ற வேண்டும்? ஒரே ஒரு வரி என்றாள். இப்படி மாற்றப்போகிறோம் என்று இயக்குநருக்கு எழுத்தில் கேட்டு அனுப்பினேன். அட்டவணை வந்தால் சரி, எப்படி வேண்டுமானாலும் செய்யுங்கள் என்று எழுதினார்.

முதல் வாரம் ஓய்வில்லாத இடம் அமைதியான ஒருவருக்கு விழுந்தது. முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். அடுத்த வாரம் குணாவுக்கு விழுந்தது. குணா இயக்குநரின் மனைவி வழி உறவு. ஞாயிற்றுக்கிழமை என்றால் போர்ட் கிள்ளானில் தூண்டிலோடு நிற்பவன். அவன் மனிதவளத் துறைக்கு வந்தான், கணினிப் பிரிவுக்கு வந்தான், மாலையில் இயக்குநர் வீட்டுக்கே போனான். ஓய்வு நாள் சட்டப்படி என் உரிமை என்று அங்கே அவன் சொன்னதாகக் கேள்வி. தொழிலாளர் சட்டத்தைப் பற்றி அவ்வளவு விளக்கமாக அந்த வீட்டில் யாரும் அதற்கு முன் பேசியிருக்கமாட்டார்கள். இயக்குநரின் மனைவியும் பேசியிருக்க வேண்டும்.

அந்த வாரம் முடிவதற்குள் டிப்போ வாசலில் மலாயிலும் தமிழிலும் ஒரு பலகை தொங்கியது. ஓட்டுநர் ஒருவர் தேவை, உடனடியாக.

இதில் எந்த முறை ஜெயித்தது என்று என்னைக் கேட்காதீர்கள். தர்ஷினியின் நிரல் உண்மையைச் சொன்னது. உண்மை பிடிக்காதவர்களிடம் சொன்னது. அதோடு, வாயால் சொல்லாததை அதற்குப் புரிந்துகொள்ளத் தெரியாது. பழைய நிரல் எல்லாரையும் திருப்திப்படுத்தியது. யாரோ ஒருவரை வரிசையின் கடைசியில் நிறுத்திவைத்துத் திருப்திப்படுத்தியது. எப்போதும் பதில் தரும் நிரல் உங்கள் கைக்கு வந்தால், அந்தக் கடைசி இடத்தில் நிற்பது யார் என்று ஒரு தடவை எட்டிப் பாருங்கள். வேண்டியதை மட்டும் சொல்லுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்னும் நிரல் வந்தால், உங்களுக்கு எது சொல்லவே வேண்டாதது என்று தோன்றுகிறதோ அதை முதலில் எழுதுங்கள். தர்ஷினி வேலையை விடவில்லை. புதிய ஆள் சேர்ந்ததும் தன் நிரலைச் சும்மா ஓட்டிப் பார்த்தாள். தீர்வு கிடைத்தது. இப்போது அங்கே ஓடுவது அவளுடைய நிரல்தான். பொத்தானை மட்டும் எடுத்துவிட்டாள்.

புதிய ஓட்டுநர் வந்த பிறகு யோகேஸுக்கு முதல் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைத்தது. மனைவியைக் கூட்டிக்கொண்டு மோரிப் கடற்கரைக்குப் போகப்போவதாகச் சொன்னார். சொல்லும்போது முகத்தில் பெரிய உற்சாகம் இல்லை. ஏதோ வாகனப் பரிசோதனைக்குப் போகிறவர் மாதிரி இருந்தார். திங்கட்கிழமை டிப்போவில் பார்த்தபோது எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"போர் அடிச்சிச்சு மேடம்," என்றார். பஸ்ஸின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "அடுத்த வாரமும் போறோம்."